மறைவதற்குள் பார்த்துவிட

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், இரவு பதினொரு மணியும் கடந்துவிட்ட வேளையில், அமெரிக்காவில் பணிபுரியும் என் தங்கை மகன் கைப்பேசியில் அழைத்தான். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அலாஸ்காக் கரையோரமாகப் பெருங்கப்பல் ஒன்றில் ஒரு வாரப் பயணம் புறப்பட்டிருந்தான். அங்கே அப்போது முற்பகல். "மாமா, பேச நேரமில்லை, பாருங்கள், இப்போது விழும்" என்று கூறிக் கருவியைத் திருப்பிப் பிடித்தான். நீலமும் வெண்மையும் கலந்த ஒரு நெடுஞ்சுவர் திரை முழுவதையும் நிறைத்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் முகப்பிலிருந்து ஒரு வீட்டளவு பனிக்கட்டி பிளந்து, மெல்லச் சாய்ந்து, கடலில் விழுந்தது. ஓசை சற்றுப் பின்தங்கியே வந்து சேர்ந்தது. அந்த ஓசை அடங்குமுன் கப்பலின் மேல்தளத்தில் கூடியிருந்தவர்கள் அனைவரும் கை தட்டினார்கள். தங்கை பேத்தியும் தன் சின்னஞ்சிறு கையுறைகளோடு தட்டினாள். நானும் இங்கே, கயத்தாற்றில், கட்டிலில் அமர்ந்தபடி என்னையறியாமல் "மாஷா அல்லாஹ்" என்றேன்.

விளக்கை அணைத்துப் படுத்த பின்னர் அந்தக் கைதட்டல்தான் காதில் நின்றது. எதற்காகத் தட்டினார்கள்? நான் கூறிய வார்த்தைதான் எதற்காக? படைத்தவனின் வல்லமையைக் கண்டு வியந்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நின்றிருந்தபோது தட்டாத கை, விழுந்தபோதுதானே தட்டியது?

அவன் சென்ற இடம் கிளேசியர் பே என்னும் வளைகுடா. 1794ஆம் ஆண்டில் வான்கூவர் என்ற ஆங்கிலக் கடலோடியின் குழுவினர் அவ்வழியே சென்றபோது அங்கே வளைகுடாவே இருக்கவில்லை. கடல்வாயிலை அடைத்துக்கொண்டு பனியாறு நின்றது. 1879இல் ஜான் மூர் என்ற இயற்கையறிஞர் சென்றபோது பனி 30 மைலுக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. 1916இல் ஏறத்தாழ 60 மைல். இந்தக் கணக்கைக் கேட்டதும், எல்லாம் புகைபோக்கிகள் செய்த வேலை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்தப் பின்வாங்கலின் பெரும்பகுதி, உலகெங்கும் ஆலைகள் இன்றைய அளவுக்குப் பெருகுவதற்கு முன்பே நடந்து முடிந்தது. அதற்கும் முன்பு பனி முன்னேறி வந்த காலத்தில், அக்கரையில் குடியிருந்த ட்லிங்கிட் மக்களின் ஊர்களை அது விழுங்கியிருக்கிறது. அம்மக்கள் வீடுகளைத் துறந்து வெளியேறினார்கள். பனி பிளக்கும் ஓசையை அவர்கள் 'வெண்ணிற இடி' என்பார்களாம். இன்று பயணிகள் கை தட்டும் ஓசை, அவர்களுடைய முன்னோருக்கு ஊரை விட்டு ஓடச் சொன்ன ஓசை.

பனி விழுவது ஒன்றே பனியாற்றின் மரணமும் அன்று. கடலில் முடியும் எந்தப் பனியாறும் முகப்பில் உடைந்துகொண்டேதான் இருக்கும். மலைமேல் ஆண்டுதோறும் பெய்யும் பனி அதற்கு வரவு. உடைவதும் உருகுவதும் செலவு. வரவு குறையாதவரை செலவைக் கண்டு எந்த வணிகனும் அஞ்சுவதில்லை. அங்குள்ள பனியாறுகளில் ஒன்றிரண்டு நெடுங்காலம் குறையாமல் நின்றதும், மற்றவை சுருங்கியதும் இந்தக் கணக்கால்தான். ஆனால் இன்று உலகின் மலைகளில் பெரும்பாலானவற்றின் பேரேட்டில் செலவுப் பக்கமே நீள்கிறது. ஐஸ்லாந்தில் 'ஓக்' என்ற பனியாறு, இனிப் பனியாறு என்ற பெயருக்குத் தகுதியுடையதன்று என்று 2014இல் அறிவிக்கப்பட்டது. 2019இல் அதற்கு ஒரு நினைவுப் பலகையும் பதித்தார்கள். மனிதருக்கு மீசான் கல் நடுவதைக் கண்டிருக்கிறோம். பனிக்கு நட்ட காலமும் வந்துவிட்டது.

இவ்வளவும் தங்கை மகனுக்குத் தெரியாதவை அல்ல. நான்தான் அவனிடமிருந்து பாதியைக் கற்றுக்கொண்டேன். பின்னொரு நாள் அவனிடம் கேட்டேன்: "இத்தனை எண்ணெயை எரித்துக்கொண்டு அங்கே போய், அந்தப் புகையால் சுருங்குவதைப் பார்த்து வருவது முறைதானா?" அவன் தயங்காமல் விடை கூறினான்: "மறைவதற்குள் பிள்ளைகள் ஒருமுறை பார்த்துவிடட்டும், மாமா. நாளைக்கு இருக்குமோ, இருக்காதோ."

எளிய விடை. தகப்பனுக்கே உரிய விடை. அதைக் கேட்டு நான் வாயடைத்துப் போனேன். ஆயினும் அந்த 'மறைவதற்குள்' என்ற ஒரு சொல் என்னை விடவில்லை.

நம் வீடுகளில் ஒருவர் நோயுற்றுக் கிடந்தால் போய்ப் பார்த்து வருவது கடமை. போகாவிட்டால் உறவே முறிந்துவிடும். அந்தப் போக்குக்கு நம் பெரியவர்கள் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். நெடுநேரம் உட்காராதே, உரத்துப் பேசாதே, நோயாளிக்கு இதமானதைச் சொல், துஆச் செய், எழுந்து வா. மருந்துக்குப் பணம் வேண்டுமா என்று வெளியே வந்து வீட்டாரிடம் தனியே கேள். இவற்றுள் ஒன்றையும் செய்யாமல், "கண்ணை மூடுவதற்குள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன்" என்று நோயாளியின் தலைமாட்டிலேயே நின்று சொல்பவனை நாம் என்னவென்று அழைப்போம்? அவன் சொன்னது பொய்யாக இருக்க வேண்டுவதில்லை. மருத்துவரே கைவிட்டிருக்கலாம். இருந்தும் அந்தச் சொல்லில் ஏதோ பிழை இருக்கிறது. அவன் மரணத்தை முடிவு செய்துவிட்டு வந்திருக்கிறான். நோயைப் பார்க்க வரவில்லை. தன் கணக்கில் ஒரு காட்சியைச் சேர்த்துக்கொள்ள வந்திருக்கிறான்.

இப்படியெல்லாம் மற்றவன் மகனுக்கு நீதி சொல்வது எளிது. எனக்கும் ஒரு படகுப் பயணம் உண்டு.

கயத்தாற்றில் கடல் இல்லை. கரிசலும் காற்றும்தான் இவ்வூரின் செல்வம். வெளியூரார் இதைக் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்ற அளவில் அறிவார்கள். எங்களுக்குக் கடல் என்றால் தூத்துக்குடி. வாப்பாவுக்கு அங்கே சங்கு வணிகத்தில் ஒரு நண்பர் இருந்தார். 1974ஆம் ஆண்டு முழுப் பரீட்சை விடுமுறையில் அவர் ஏற்பாடு செய்த வள்ளத்தில் எங்கள் குடும்பம் முழுவதும் தீவு பார்க்கப் புறப்பட்டது. உம்மா விடியலிலேயே எழுந்து நெய்ச்சோறும் கறியானமும் ஆக்கி, பெரிய தூக்குவாளிகளில் அடைத்து, வெள்ளைத் துணியால் வாய் கட்டிக் கொண்டுவந்திருந்தார். பாயை விரித்ததும் வள்ளம் ஒருபக்கம் சாய, என் சிறிய தங்கை அழத் தொடங்கினாள். கரை மறைந்து சிறிது நேரத்தில் தண்ணீரின் நிறம் மாறியது. வள்ளக்காரர் பாயை இறக்கி, "இனிமேல் குனிந்து பாருங்கள்" என்றார்.

மான்கொம்பு போன்று கிளைத்தவை, ஆட்டுமூளை போன்று மடிந்து திரண்டவை, மேசைபோல் விரிந்தவை. இடையிடையே நீலமும் மஞ்சளுமாக மீன்கள். வாப்பா அதிகம் பேசும் இயல்பினர் அல்லர். வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது "சுபுஹானல்லாஹ்" என்று மட்டும் சொன்னார். என் வாழ்நாளில் அவர் முகத்தில் அப்படியொரு அமைதியை நான் கண்டதில்லை.

அதன்பின் வள்ளக்காரர் கேட்டார்: "தம்பிக்கு ஒரு கல் எடுத்துத் தரட்டுமா, பாய்?" வாப்பா தலையசைத்தார். அவர் குதித்து, மூழ்கி, கொம்புபோல் கிளைத்த ஒன்றை ஒடித்துக்கொண்டு மேலே வந்தார். நான் அதை மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

மூன்றாம் நாள் வீடு நாறத் தொடங்கியது. எங்கிருந்து வருகிறதென்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. எலி செத்துக் கிடக்கிறதோ என்று அரிசிப் பானைகளின் பின்னாலெல்லாம் உம்மா தேடினார். கடைசியில் அந்தக் கல்தான் என்று தெரிந்ததும், அதை எடுத்து மொட்டைமாடி வெயிலில் போட்டார். ஒரு மாதம் காய்ந்து வெளுத்த பின்னரே அது கண்ணாடி அலமாரிக்குள் வந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. கல் எப்படி நாறும் என்று அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. பவளம் என்பது கோடானுகோடிச் சிற்றுயிர்கள் சுண்ணாம்பால் தமக்கெனக் கட்டிக்கொண்ட ஊர் என்பதை நான் கல்லூரியில்தான் படித்தேன். நான் மடியில் வைத்துக் கொண்டுவந்தது கல் அன்று. உயிரோடிருந்த ஒரு ஊரின் ஒரு தெரு.

ஒரு சிறுவன் கொண்டுவந்த கையளவுத் துண்டினால் தீவு அழிந்துவிடவில்லை என்று யாரேனும் எனக்குச் சமாதானம் கூறலாம். உண்மைதான். அன்றைய நாளில் தூத்துக்குடிக் கரையில் வள்ளம் வள்ளமாக முருகைக்கல் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சுண்ணாம்புக் காளவாய்களுக்குப் போயிற்று, கட்டடங்களுக்குப் போயிற்று. நோன்புக்கு முன்னர் எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு அடித்த வெள்ளையில் எவ்வளவு கடலிலிருந்து வந்ததோ, அல்லாஹ்வே அறிவான். அந்தத் தொழிலில் வயிறு வளர்த்தவர்களைக் குறை கூற எனக்கு நாவெழவில்லை. வேறு பிழைப்பு இல்லாதவன் ஒடித்த கல்லுக்கும், விருந்துண்டு வந்தவன் மகனுக்கு விளையாட ஒடித்த கல்லுக்கும் தராசு ஒன்றாக இருக்க முடியாது. அளவில் அவனுடையது மிகுதி. காரணத்தில் என்னுடையதே இலேசு.

பின்னர் நடந்தவை நாடறிந்தவை. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. புலிக்கு உள்ள காப்பு முருகைக்கும் வந்தது. கல்லெடுப்பும் ஓய்ந்தது. ஆனால் தீவுகள் தேறவில்லை. கரையைச் சூழ்ந்திருந்த முருகைத் திட்டுகளே அலைக்கு வேலியாக இருந்தவை. வேலி போன பின் மணல் மேட்டை அலை நேரே வந்து தின்றது. தூத்துக்குடி அருகே விலங்குசல்லியும், கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. காரியாசல்லித் தீவு 1969இல் ஏறத்தாழ 21 எக்டேர் இருந்தது. 2024இல் அளந்தபோது 3 எக்டேரைச் சற்றே தாண்டியிருந்தது. இத்துடன் இன்னொரு துன்பமும் சேர்ந்தது. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் தன் உடலில் குடிவைத்திருக்கும் நுண்பாசியை வெளியேற்றிவிடுகிறது. அதற்கு நிறமும் உணவும் தருவது அந்தப் பாசியே. பாசி போனால் வெளுத்து நிற்கும். சூடு தணியாவிட்டால் பட்டினியால் மடியும். 2010இலும் 2016இலும் இவ்வளைகுடாவில் அப்படி வெளுத்தது. உம்மா மொட்டைமாடியில் காயவைத்த அதே வெண்மை.

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் அலாஸ்காவில் பனியை உருக்கும் சூட்டின் வாசலுக்கே வந்து நிற்க வேண்டும். 1979இல் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. கரையில் நின்றால் ஒருபுறம் அதன் புகைபோக்கி, மறுபுறம் தீவுகள் கிடக்கும் கடல். அதன் நிலக்கரியில் எரிந்த விளக்கில்தான் நான் படித்தேன், என் பிள்ளைகளும் படித்தார்கள். இன்று ஊரைச் சுற்றிக் காற்றாலைகள் சுழல்கின்றன. அதற்காக ஊரார் சிலர் பெருமைப்பட்டுக்கொள்வதும் உண்டு. காற்றடிக்காத மாதங்களில் எந்த நெருப்பு எங்கள் மின்விசிறியைச் சுற்றுகிறது என்பதை அவர்கள் விசாரிப்பதில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பை நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். எங்கள் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு பெரியவர் அதை எழுப்பினார். "கொற்கை பாண்டியனுடைய துறைமுகம். இன்று அங்கே கடல் எங்கே இருக்கிறது? மார்க்கோ போலோ வந்திறங்கிய காயல் இன்று பழையகாயல் என்ற பெயரோடு உள்நாட்டில் கிடக்கிறது. தாமிரபரணி மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது. கடல் விலகிப் போயிற்று. யார் அழுதார்கள்? ஒரு இடத்தில் கொடுப்பான். ஒரு இடத்தில் எடுப்பான். ஒவ்வொன்றுக்கும் அஜல் இருக்கிறது" என்றார்.

கனமான வாதம். முத்தையே எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கரைக்குப் பெயரும் புகழும் தந்த முத்துக்குளிப்பு, 1961இல் கடைசியாக நடந்ததோடு முடிந்துபோயிற்று, அதன் பிறகு வந்த தலைமுறைகள் முத்துச்சிப்பி குவிந்த கரையைக் காணாமலே வளர்ந்தன, உலகம் நின்றுவிடவில்லை. பனியாறும் தீவும் மட்டும் என்ன தனிச்சலுகை பெற்றவை?

ஆனால் அஜல் என்ற சொல்லை நாம் எந்த அவையில் எப்படி எடுக்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு மனிதன் கொலையுண்டாலும் அவன் தவணை முடிந்தே இறந்தான் என்பதுதான் நம் நம்பிக்கை. அதனால் கொலைகாரனை எந்தக் காழியாவது விடுவித்ததுண்டா? இறந்தவனின் தவணை அல்லாஹ்விடம் இருக்கிறது. கத்தி பிடித்த கையின் கணக்கு கைக்குரியவனிடம் இருக்கிறது. கொற்கையின் கடலை விலக்கியது ஆறு. ஆற்றிடம் விசாரணை இல்லை. காரியாசல்லியின் வேலியைப் பிய்த்தது யார் என்று கேட்டால் எழுந்து நின்று 'ஆஜர்' சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறோம். மண்ணும் நீரும் நம்மிடம் அமானிதம் என்று மேடைதோறும் பேசுகிறோமே, அமானிதப் பொருள் குறைந்தால் 'அதன் காலம் முடிந்தது' என்று சொல்லி எந்த வணிகன் தப்பியிருக்கிறான்?

பெரியவர் நான் கூறியதைக் கேட்டுச் சிரித்தார். ஒப்புக்கொண்டாரா என்பது தெரியவில்லை.

தங்கை மகனின் கட்சியில் இன்னொரு வலுவான வாதமும் உண்டு. "பார்க்காத ஒன்றின் மேல் எப்படி அன்பு வரும், மாமா? பிள்ளைகள் நேரில் பார்த்தால்தானே நாளைக்கு அதைக் காப்பாற்ற நினைப்பார்கள்?" என்று கேட்டான். இதை நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். பாதி உண்மை என்றே தோன்றுகிறது. அன்று வள்ளத்தில் வாப்பா என்னை அழைத்துப் போகாதிருந்தால் விலங்குசல்லி என்ற பெயரைக் கேட்டு இன்று எனக்கு நெஞ்சு அசைந்திருக்காது. பார்த்ததனால்தான் அசைகிறது. ஆனால் அதே கடலை என்னைவிட ஆயிரம் மடங்கு அதிகமாகப் பார்த்தவர்கள், நாள்தோறும் அதில் மூழ்கி எழுந்தவர்கள், அவர்கள்தாம் கல்லையும் எடுத்தார்கள். கண் கண்டால் கை தானே திருந்திவிடும் என்பதற்கு இந்தக் கரையில் சான்று இல்லை. நானே எதிர்ச்சான்று: வாப்பா சுபுஹானல்லாஹ் சொன்ன வாய் மூடுமுன் தலையசைத்தார், நான் கை நீட்டினேன்.

அப்படியானால் எந்தப் பார்வை? தூத்துக்குடியில் கடலாய்வு செய்யும் அறிஞர்களும் அக்கடலுக்குள்தான் இறங்குகிறார்கள். உயிருள்ள பவளத் துண்டுகளைக் கொண்டுபோய்க் கான்கிரீட் சட்டங்களில் கட்டி, அழிந்த இடத்தில் வைத்து, வளர்ச்சியை அளந்து வருகிறார்கள். வான்தீவு சில எக்டேராகச் சுருங்கி, இனித் தேறாது என்று பலரும் கைகழுவியிருந்த நேரத்தில், 2015 தொடங்கி அதன் கடற்புறத்தில் கான்கிரீட்டாலான செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அலையின் வேகம் மட்டுப்பட்டது. மணல் தங்கத் தொடங்கியது. தீவு ஓரளவு மீண்டது. அதே முறையைக் காரியாசல்லிக்கும் கொண்டுசெல்லும் பணி பிறகு தொடங்கப்பட்டது. இறுதிநாளே நெருங்கிவிட்டாலும் கையிலுள்ள கன்றை நடுவது பற்றிய நபிமொழியை ஓதிக்கொடுத்த சமுதாயம் நாம். இதை நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. அவர்களும் தீவைப் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் 'மறைவதற்குள்' பார்க்கவில்லை. 'மறையாதிருக்க' என்ன தேவை என்று பார்க்கிறார்கள். நோயாளியின் வீட்டிலிருந்து வெளியே வந்து மருந்துச் செலவை விசாரிப்பவரின் பார்வை அது.

இதைச் சொல்லும்போது, எல்லோரும் கடலில் மூழ்கிப் பவளம் நட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும் என்று நான் கூறுவதாக யாரும் கொள்ள வேண்டாம். நாடு சுற்றிப் பார்க்கும்படி நமக்கு ஏவப்பட்டிருக்கிறது. முன்னோர் முடிவைக் கண்டு படிப்பினை பெறும்படி ஏவப்பட்டிருக்கிறது. ஏவப்பட்டது கைதட்ட அன்று என்பதே என் வருத்தம். அந்தக் கிளேசியர் பேயில்கூட ஒரு நாளைக்கு இரண்டு பெருங்கப்பல்களுக்கு மேல் அனுமதியில்லையாம். பூங்காக் காவலர்கள் கப்பலிலேயே ஏறிப் பயணிகளுக்கு விளக்கம் கூறுகிறார்களாம். நலம் விசாரிக்க வருவோருக்கு வாசலில் ஒருவர் நின்று 'இருவர் இருவராகப் போங்கள், சத்தம் வேண்டாம்' என்று சொல்வதைப் போன்ற ஏற்பாடு. நம் தீவுகளிலும் இன்று யாரும் விரும்பியபடி இறங்க முடியாது. 1974இல் நாங்கள் நெய்ச்சோறு உண்ட மணலில் என் பேத்தி கால் வைக்க இயலாது. முதலில் இது எனக்கு அநியாயமாகப் பட்டது. நாங்கள் தின்று தீர்த்துவிட்டு, அவளுக்குக் கதவைச் சாத்தினோமே என்று. அந்த எண்ணம் இன்னும் முற்றிலும் போய்விடவில்லை.

போன மாதம் அவள் அலமாரியைத் திறந்து அந்தத் துண்டைக் கையில் எடுத்தாள். கதை முழுவதையும் சொன்னேன். நாறிய பகுதியையும் மறைக்கவில்லை. "இதைத் திரும்பக் கொண்டுபோய்க் கடலில் வைத்தால் மறுபடி வளருமா?" என்று கேட்டாள். வளராது, அது செத்து ஐம்பது வருடம் ஆகிவிட்டது என்றேன். "அப்படியானால் இதை ஏன் அழகுக்கு வைத்திருக்கிறோம்?" என்றாள். விடை சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவள் அதை இருந்த இடத்திலேயே வைத்து, கண்ணாடிக் கதவை மெல்ல மூடிவிட்டுப் போய்விட்டாள்.

தங்கை மகன் டிசம்பரில் பிள்ளைகளுடன் ஊருக்கு வருகிறான். அலாஸ்காவைப் பார்த்த பிள்ளைகள் நம் கடலையும் பார்க்க வேண்டாமா, தூத்துக்குடியில் ஒரு படகுக்குச் சொல்லிவையுங்கள், இறங்க வேண்டாம், எட்ட நின்றாவது காரியாசல்லியைக் காட்டிவிடுவோம் என்று எழுதியிருக்கிறான். கூடவே, அந்தச் செயற்கைப் பாறைகளை எங்கே வார்க்கிறார்கள், பிள்ளைகள் அதைப் பார்க்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறான். முதல் கேள்விக்கு இன்னும் விடை எழுதவில்லை. இரண்டாவதற்காக நாளைக் காலைப் பேருந்தில் தூத்துக்குடி போய் விசாரிக்கலாம் என்றிருக்கிறேன்.